கொள்கையைக் கடந்த கண்: பீட்டர் ஹென்றி எமர்சன் வாழ்க்கை

இலக்கணம் கண்டு இலக்கியம் செய்தாரும் உளர். இலக்கியம் செய்தபின் அதற்கு இலக்கணம் தேடினாரும் உளர். தாமே வகுத்த இலக்கணத்தைத் தாமே ஊரறிய மறுத்து, மறுத்த பின்னரே தம் சிறந்த படைப்பைத் தந்தவர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவர் பீட்டர் ஹென்றி எமர்சன். அவர் கவிஞர் அல்லர், மருத்துவம் பயின்றவர். இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில், நாணலும் கோரையும் மண்டிய நீர்நிலைகளின் கரையோரமாகக் கேமராவுடன் நடந்தவர். நிழற்படம் கலையா, கருவியின் வேலையா என்னும் வினாவைத் தம் வாழ்க்கையின் வினாவாகவே ஆக்கிக்கொண்டவர். அவர் கதை நிழற்படக் கலைஞர்க்கு மட்டும் உரியதன்று. சொல்லைக் கருவியாகக் கொண்டு இயற்கையைக் காட்ட முயல்வார் அனைவர்க்கும் உரியது.

இளமையும் கல்வியும்

எமர்சன் 1856ஆம் ஆண்டு மே 13ஆம் நாள் கியூபாத் தீவில் பிறந்தார். தந்தை அமெரிக்கர், அங்கே கரும்புத் தோட்டம் உடையவர். தாய் ஆங்கிலேயர். இளமையின் ஒரு பகுதி கியூபாவிலும் ஒரு பகுதி அமெரிக்காவிலும் கழிந்தது. 1867இல் தந்தை மறைந்தார். இரண்டு ஆண்டுகளில் குடும்பம் இங்கிலாந்தில் குடியேறிற்று. கிரான்லிப் பள்ளியிலும், பின்னர் லண்டன் கிங்ஸ் கல்லூரியிலும், கேம்பிரிட்ஜின் கிளேர் கல்லூரியிலும் அவர் பயின்றார். 1881இல் திருமணம் செய்துகொண்டார். 1885இல் மருத்துவப் பட்டம் பெற்றார்.

படிப்பில் முதன்மை, விளையாட்டில் முதன்மை, வாதத்தில் விட்டுக்கொடாமை என்னும் மூன்றும் அவரிடம் இளமையிலேயே அமைந்திருந்தன. தந்தை விட்டுச்சென்ற செல்வம் இருந்தமையால் பிழைப்பிற்கென மருத்துவம் செய்யவேண்டிய தேவை இல்லை. 1886ஆம் ஆண்டளவில் அத்தொழிலை அறவே விட்டுவிட்டார். ஆயினும் மருத்துவக் கல்வி அவரை விடவில்லை. கண் எவ்வாறு காண்கிறது என்னும் உடலியல் அறிவே பின்னாளில் அவர் கலைக்கொள்கைக்கு அடிப்படை ஆயிற்று.

கையில் வந்த கருவி

1880களின் தொடக்கத்தில் பறவைகளைக் காணும் பொருட்டு நண்பருடன் ஊர்ப்புறங்களில் சுற்றத் தொடங்கியபோதுதான் எமர்சன் முதல் கேமராவை வாங்கினார். காலமும் அதற்கு ஏற்றதாய் அமைந்தது. அதற்கு முன்பெல்லாம் நிழற்படம் எடுக்க விரும்புவார், கண்ணாடித் தகட்டின்மேல் பசைக்குழம்பைப் பூசி, அது காய்வதற்குள் படம் பிடித்து, அப்போதே கழுவியும் முடிக்கவேண்டும். வயல்வெளிக்குப் போவதாயின் இருட்டறைக்கான கூடாரமும் மருந்துப் புட்டிகளும் உடன் செல்லவேண்டும். ரிச்சர்ட் லீச் மேடாக்ஸ் என்னும் மருத்துவர் 1871இல் வெளியிட்ட முறையைப் பின்பற்றி, ஜெலட்டின் பூசிய உலர் தகடுகள் சில ஆண்டுகளில் கடைச்சரக்காயின. தகடுகளைப் பையில் இட்டுக்கொண்டு காலையில் புறப்பட்டு, மாலையில் வீடு திரும்பி, பின்னொரு நாள் கழுவிக்கொள்ளலாம் என்றாயிற்று. நடைக்கும் நிழற்படத்துக்கும் உறவு ஏற்பட்டது இவ்வாறுதான்.

தொழிலாக அன்றி விருப்பத்தால் படம் எடுப்போர் இங்கிலாந்தில் பெருகினர். அவர்களுக்கெனவே 1884இல் ஒரு வார இதழ் தோன்றியது. 1885இல் லண்டனில் கேமரா கிளப் அமைந்தபோது அதை நிறுவியோருள் எமர்சனும் ஒருவர். இத்தகையோரைத் தமிழில் ஆர்வலர் என்கிறோம். அச்சொல்லை வள்ளுவர் அன்புடையார் என்னும் பொருளிலேயே ஆண்டார். ஆங்கிலத்தில் வழங்கும் அமெச்சூர் என்ற சொல்லும் அன்பைக் குறிக்கும் இலத்தீன் வேரிலிருந்தே வந்தது. கூலிக்கு உருவப்படம் எடுக்கும் கடைக்காரரைவிட, நடந்து சென்று நிலத்தைக் காணும் ஆர்வலரே கலைக்கு அணுக்கமானவர் என்று எமர்சன் உறுதியாக நம்பினார்.

நாணற் காட்டில்

இங்கிலாந்தின் கிழக்கே நார்ஃபோக், சஃபோக் என்னும் இரு மாவட்டங்கள் உள்ளன. அவற்றினூடே பியூர், யேர், வேவ்னி முதலிய ஆறுகள் மெல்ல நகர்ந்து கடலை அடைகின்றன. ஆறுகளை ஒட்டி ஆழமற்ற ஏரிகள் பல பரந்துள்ளன. அவற்றை அவ்வூரார் பிராட்ஸ் என்பர். கரை எங்கும் நாணல், இடையிடையே சதுப்பு, மேலே எல்லையற்ற வானம். குளிர்காலத்தில் நாணல் அறுப்பார்கள். அது கூரை வேய உதவும். கோடையில் சதுப்புப் புல்லை அறுத்துக் கால்நடைக்குச் சேர்ப்பார்கள். மீனும் விலாங்கும் பிடிப்போர், காட்டு வாத்து வேட்டையாடுவோர், பாய்மரச் சரக்குப் படகு செலுத்துவோர் எனப் பலர் அந்நீரை நம்பி வாழ்ந்தனர்.

எமர்சன் தம் குடும்பத்துடன் சஃபோக்கின் கடற்கரை ஊராகிய சவுத்வோல்டில் தங்கினார். 1885இல் தாமஸ் பிரடெரிக் குட்ஆல் என்னும் ஓவியரின் நட்பு வாய்த்தது. இருவரும் படகிலும் நடையிலுமாகப் பிராட்ஸ் பகுதியெங்கும் திரிந்தனர். அதன் பயனாக வெளிவந்ததே 'நார்ஃபோக் பிராட்ஸின் வாழ்வும் நிலக்காட்சியும்' என்னும் நூல். 1886இல் முடிவுற்ற அந்நூலில் நாற்பது பிளாட்டினப் படங்கள் இடம்பெற்றன. பளபளப்பு இன்றி, கருமைக்கும் வெண்மைக்கும் இடையே சாம்பல் நிறத்தின் பற்பல படிகளைக் காட்டவல்லது பிளாட்டினத் தாள். மேகம் மூடிய அந்நாட்டு ஒளிக்கு அது மிகவும் பொருந்திற்று.

அப்படங்களுள் பெரிதும் பேசப்படுவது நீராம்பல் கொய்யும் காட்சி. சிறு படகு ஒன்று அசைவற்ற நீரில் நிற்கிறது. ஆண் துடுப்பைப் பிடித்து அமர்ந்திருக்கிறான். பெண் பக்கவாட்டில் குனிந்து மலரைப் பறிக்கிறாள். பின்னே நாணல் மங்கித் தெரிகிறது. மற்றொன்றில் அறுத்த நாணலைப் போராக அடுக்குகின்றனர். வேறொன்றில் இரு கழிகளின்மேல் புல்லை ஏற்றிச் சுமந்து செல்கின்றனர். இன்னொன்றில் வேலை முடித்த ஆட்கள் கருவிகளுடன் வீடு திரும்புகின்றனர். நிலமும் பொழுதும் முதலாக, புள்ளும் மரமும் தொழிலும் கருவாக, மாந்தர் ஒழுக்கம் உரியாக அமைவது நம் திணைநெறி. அதில் பயின்றவர்க்கு இப்படங்களின் அமைதி அயலானதாகத் தோன்றாது. இங்கும் மனிதன் நிலத்தின் முன்னே நிற்பவன் அல்லன், நிலத்துள்ளே இருப்பவன்.

தொடர்ந்து 1887இலும் 1888இலும் கிழக்கு ஆங்கிலிய வாழ்வைக் காட்டும் படத்தொகுதிகள் வெளிவந்தன. எமர்சன் படத்தோடு நில்லாமல் உரைநடையும் எழுதினார். உழவர், மீனவர் ஆகியோரின் கூலி, குடியிருப்பு, வறுமை, நம்பிக்கை, பேச்சுவழக்கு யாவும் அவ்வுரையில் பதிவாயின. படத்தில் அழகாய்த் தோன்றும் குடிசை உள்ளே எப்படி ஒழுகும் என்பதை அவர் மறைக்கவில்லை. இருப்பினும் அவர் செல்வர்; படம்பிடிக்கப்பட்டோர் ஏழையர். விலை மிகுந்த, குறைந்த படிகளே அச்சான அந்நூல்கள் அவ்வேழையர் கைக்குப் போய்ச் சேரக்கூடியவை அல்ல. இவ்விடைவெளி அவர் கலையின் உள்ளேயே இருந்தது.

இயல்பு நவிற்சி

எமர்சன் நிழற்பட உலகில் புகுந்தபோது அங்கே தலைமை வகித்தவர் ஹென்றி பீச் ராபின்சன். பல தகடுகளில் தனித்தனியே எடுத்த உருவங்களை ஒட்டி ஒரே படமாக அமைப்பது ராபின்சன் கையாண்ட முறை. நோயுற்று மறையும் இளம்பெண்ணைக் காட்டும் அவருடைய 1858ஆம் ஆண்டுப் படம் ஐந்து தகடுகளின் சேர்க்கை. நாட்டுப்புறக் காட்சிக்கு உண்மையான உழத்தியரைவிட, உழத்தியர் உடை உடுத்த நகரப் பெண்களே ஏற்றவர் என்பதும் அவர் கருத்து. 1869இல் அவர் எழுதிய பாடநூல் நெடுங்காலம் ஆர்வலர்களின் கைந்நூலாக விளங்கியது.

இவற்றையெல்லாம் பொய்மை என்று எமர்சன் சாடினார். 1886இல் கேமரா கிளப்பில் ஆற்றிய உரையிலும், 1889இல் வெளியிட்ட 'இயற்கைநெறி நிழற்படம்' என்னும் நூலிலும் தம் கொள்கையை விரித்துரைத்தார். ஒட்டுவேலை கூடாது, தகட்டின்மேல் தூரிகையால் திருத்துதல் கூடாது, மாந்தர் தம் இடத்தில் தம் தொழிலைச் செய்வோராக இருக்கவேண்டும். இவற்றுக்கு மேலாக ஒன்று உண்டு: படம் கண் காண்பதுபோலக் காணவேண்டும். ஜெர்மன் அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ணின் இயல்பை ஆராய்ந்து கூறியதை அவர் சான்றாகக் கொண்டார். நாம் ஒன்றை நோக்கும்போது அதன் நடுப்பகுதியே கூர்மையாகத் தெரிகிறது. சுற்றியுள்ளவை சற்று மங்கியே தெரிகின்றன. லென்ஸோ அருகும் தொலைவும் ஒன்றுபோல் கூர்மையாகக் காட்டவல்லது. எனவே முதன்மைப் பொருள் தெளிவாகவும், ஏனையவை மிகச் சிறிதே தெளிவு குறைந்தும் அமையுமாறு லென்ஸைப் பொருத்தவேண்டும் என்றார் எமர்சன். எல்லாவற்றையும் மங்கச்செய்வது அவர் கருத்தன்று. பின்பற்றியோர் பலர் அளவு கடந்து மங்கச்செய்து, ஆசிரியருக்குப் பழி தேடித்தந்தனர்.

இங்கே தமிழ் அணியிலக்கணம் நினைவுக்கு வருதல் இயல்பே. தண்டியலங்காரம் பொருளணிகளுள் தன்மையணியை முதலில் வைக்கிறது. பொருளை உள்ளவாறே, அதற்குரிய சொல்லால் தோன்றச்செய்வது அது. வடமொழியில் குந்தகர் இதனை அணியென்றே ஏற்கவில்லை. பொருளின் இயல்பு அணியப்படுவதேயன்றி அணி ஆகாது என்பது அவர் வாதம். உள்ளதை உள்ளவாறு காட்டுவது கலையாகுமா என்ற வினா கேமராவுடன் பிறந்ததன்று என்பதற்கு இது சான்று. எமர்சன் தண்டியின் பக்கம் நின்றவர் என்று கூறலாம். ஆனால் சிறிது காலமே நின்றார்.

வாதமும் புகழும்

எமர்சன் நூல் பெரும் பூசலை எழுப்பிற்று. இதழ்களில் ராபின்சன் அணியினரும் எமர்சனும் மாறிமாறி எழுதினர். எமர்சனின் எழுத்தில் கூர்மை உண்டு, நயத்தக்க நாகரிகம் குறைவு. தம்மோடு முழுதும் உடன்படாதாரை அறிவிலார் பட்டியலில் சேர்க்கத் தயங்கமாட்டார். அவர் வாதத்திலும் ஒரு முரண் இருந்தது. அவர் படங்கள் கணப்பொழுதில் பிடிபட்டவை அல்ல. முக்காலியில் நிறுத்திய பெருங்கேமராவின் முன் அவ்வுழவரும் மீனவரும் அவர் சொன்ன இடத்தில், சொன்னவாறு அசையாது நின்றனர். ராபின்சன் வேடம் புனைந்தாரை அமர்த்தினார். எமர்சன் உண்மையானவரை அமர்த்தினார். வேறுபாடு பெரிதே. ஆயினும் இருவரிடமும் அமர்த்துதல் இருந்தது.

ஆனால் பிறர் படைப்பை மதிப்பிடுவதில் அவர் கண் நேர்மையானது. 1887இல் ஆர்வலர்க்கான வார இதழ் நடத்திய விடுமுறைக்காலப் படப்போட்டிக்கு எமர்சன் நடுவராக இருந்தார். இத்தாலிய ஊரொன்றின் தெருவில் சிரித்து நிற்கும் சிறுவர் கூட்டத்தைக் காட்டிய படத்துக்கு முதற்பரிசு அளித்தார். அதை அனுப்பியவர் அப்போது பெர்லினில் பயின்றுகொண்டிருந்த இளைஞர் ஆல்பிரட் ஸ்டீக்லிட்ஸ். பின்னாளில் அமெரிக்காவில் நிழற்படத்தைக் கலையென நிலைநாட்டப் பெரிதும் உழைத்தவர் அவரே. நாட்டுப்புறச் சுற்றுலாவில் எடுத்த ஒரு படத்துக்குக் கிடைத்த வெள்ளிப் பதக்கமும் இரண்டு கினியும் அவ்வுழைப்பின் வாயிலில் இருந்தன. இலங்கையில் 1879இல் மறைந்த ஜூலியா மார்கரெட் கேமரூனின் உருவப்படங்களைப் போற்றி, 1890இல் எமர்சன் தனிக் கட்டுரை எழுதியதும் குறிக்கத்தக்கது.

மறுப்பு

1890ஆம் ஆண்டு எமர்சன் வாழ்வில் திருப்பமாயிற்று. ஃபெர்டினாண்ட் ஹர்ட்டர், வேரோ சார்ல்ஸ் டிரிஃபீல்ட் என்னும் இருவர் அவ்வாண்டு ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஒருவர் வேதியியலார், மற்றவர் பொறியாளர். இருவரும் ஓய்வு நேரத்தில் படம் எடுத்த ஆர்வலர்களே. தகட்டில் பட்ட ஒளியின் அளவுக்கும் அதில் தோன்றும் கருமைக்கும் உள்ள தொடர்பைக் கணித வரைவால் காட்டினர். அதுவரை, ஒளி நிழல்களின் உறவைத் தகட்டைக் கழுவும்போதே தம் மனக்கருத்துக்கு ஏற்ப மாற்றலாம் என்பது எமர்சனின் நம்பிக்கை. ஓவியன் வண்ணத்தைக் கையாள்வதற்கு நிகராக அவர் கருதியது அதையே. அவ்வுறவு ஒரு விதிக்கு அடங்கியது என்று அறிந்ததும் அந்நம்பிக்கை குலைந்தது.

வேறு காரணங்களும் சேர்ந்தன. இயற்கையைக் கலையோடு ஒன்றெனக் கருதியது பிழை என்று பெரிய ஓவியர் ஒருவர் அவருக்கு எடுத்துரைத்தார். அவர் விஸ்லராகலாம் என்பது பலர் துணிபு. ஜார்ஜ் டேவிசன் என்னும் உறுப்பினர் எமர்சனின் கருத்துகளைத் தம்முடையனபோலப் பேசுகிறார் என்ற கசப்பும் அவ்வாண்டே எழுந்தது.

1891 சனவரியில் கறுப்புக் கரையிட்ட சிறு வெளியீடு ஒன்று வந்தது. இறப்புச் செய்தி அச்சிடும் முறையில் அமைந்த அதில், இயற்கைநெறி நிழற்படம் இறந்துவிட்டது என்று எமர்சனே அறிவித்தார். நிழற்படம் அறிவியலுக்கு உதவும், நினைவுக்கு உதவும். ஆனால் கலைஞனின் தனித்தன்மை அதில் புகுவதற்கு இடம் மிகச் சிறிது. ஆகவே அது கலையாகாது என்பது அவ்வறிக்கையின் சாரம். எதிரிகள் மகிழ்ந்தனர், மாணவர்கள் திகைத்தனர். 1899இல் தம் நூலின் மூன்றாம் பதிப்பை வெளியிட்டபோதும் அவர் இம்முடிவிலிருந்து மாறவில்லை.

அவர் எடுத்த முடிவு சரியா என்பது வேறு வினா. தகட்டைக் கழுவும் காலத்தைக் கூட்டியும் குறைத்தும் படத்தின் முரண்செறிவை மாற்றலாம் என்பது இன்று தொடக்க மாணவரும் அறிந்தது. அன்றியும், எங்கே நிற்பது, எப்போது திறப்பது, எதை விடுப்பது என்னும் தெரிவுகளை எந்த வரைவும் கட்டுப்படுத்தாது. யாப்பின் விதி மாறாதது என்பதால் வெண்பா எல்லாம் ஒன்றாகிவிடுவதில்லை. இதை எமர்சனின் அறிவு ஏற்கவில்லை.

பனிக்காலத்துப் படகு

அறிவு ஏற்காததை அவர் கை செய்துகொண்டிருந்தது. அம்மறுப்பு அச்சேறிய அதே குளிர்காலத்தில் எமர்சன் ஒரு பாய்மரப் படகில் பிராட்ஸ் பகுதியிலேயே வாழ்ந்துகொண்டிருந்தார். 1890 இலையுதிர் காலத்தில் தொடங்கி ஓராண்டு நீடித்த பயணம் அது. அவ்வாண்டு உறைபனி கடுமையானது. நீர் கட்டியாயிற்று. நாணல் வெண்மை பூண்டது. சுற்றுலா வருவோர் இல்லை. மாந்தர் நடமாட்டமே அரிது. அந்த அமைதியில் அவர் மீண்டும் மீண்டும் கேமராவைத் திறந்தார்.

அப்பயணத்தின் கதையை 1893இல் ஒரு நூலாக வெளியிட்டார். 1895இல் 'சதுப்பு இலைகள்' வெளிவந்தது. அதில் இருப்பவை பதினாறே சிறு படங்கள். போட்டோகிராவியூர் என்னும் செப்புத்தகட்டு முறையில் அவை அச்சாயின. முன்னைய நூல்களில் இருந்த உழவரும் மீனவரும் இவற்றில் பெரும்பாலும் இல்லை. இருந்தாலும் தொலைவில் ஒரு புள்ளியாகவே தெரிவர். இலையற்ற சில மரங்கள், மூடுபனியில் கரையும் நீர்விளிம்பு, நீரிலிருந்து நீண்ட சில தண்டுகள், எஞ்சிய பரப்பெல்லாம் வெறுமை. எதையும் நிறுவ முயலாத படங்கள் இவை. கண்ணின் கூர்மை எவ்வளவு, மங்கல் எவ்வளவு என்ற கணக்கு இவற்றில் இல்லை. எமர்சனின் படைப்புகளுள் இவற்றையே உச்சம் என்று மதிப்பிடுவோர் பலர். நிழற்படம் கலையன்று என்று அறிவித்த பின்னர் வெளிவந்தவை இவை என்பதே வியப்பு.

இதற்குப்பின் அவர் நிழற்பட நூல் எதையும் வெளியிடவில்லை. 1895இல் அரச நிழற்படக் கழகம் தன் முன்னேற்றப் பதக்கத்தை அவருக்கு வழங்கிற்று. எஞ்சிய நாற்பது ஆண்டுகளைக் குடும்ப வரலாறு எழுதுவதிலும் கதை புனைவதிலும் கழித்தார். முதுமையில், 1920களின் நடுவில் தொடங்கி, தாம் சிறந்தவர் என்று கருதிய நிழற்படக் கலைஞர்க்குத் தம் பெயரால் தாமே பதக்கம் வழங்கிவந்தார். கலையன்று என்று தாம் தீர்ப்பளித்த துறைக்கு அவர் செய்த மரியாதை அது. 1936 மே 12ஆம் நாள் ஃபால்மத்தில் மறைந்தார். எண்பது நிறைய ஒரு நாளே இருந்தது.

எஞ்சியவை

எமர்சன் படம்பிடித்த வாழ்வு இன்று இல்லை. புல் சுமந்த கழிகளும் சரக்கேற்றிய பாய்மரங்களும் சென்ற நூற்றாண்டிலேயே மறைந்தன. அந்நிலத்தைப் பற்றி அவர் அறியாத ஒன்றும் பின்னர்த் தெரியவந்தது. பிராட்ஸ் ஏரிகள் இயற்கையாய் அமைந்தவை என்றே அவர் காலத்தில் அனைவரும் எண்ணினர். ஜாய்ஸ் லாம்பர்ட் என்னும் தாவரவியலாளரும் பிற ஆய்வாளர்களும் 1950களில் மண்ணைத் துளைத்து ஆராய்ந்து, அவை இடைக்காலத்தில் மக்கள் எரிபொருளுக்காகத் தோண்டிய குழிகள் என்று நிறுவினர். மட்கிய தாவர மண்ணை வெட்டி எடுத்த பள்ளங்களில் நீர் நிறைந்து ஏரிகளாயின. இயற்கையின் தூய உண்மை என்று எமர்சன் நம்பிப் போராடிய அக்காட்சியே மாந்தர் கைபட்டது. கைபட்ட தடம் தெரியாதபடி நாணல் மூடி, ஆம்பல் பூத்து, அது இயற்கையாகவே ஆகிவிட்டது. இயற்கை வேறு, செயற்கை வேறு என்று கோடு கிழித்து வாதிட்ட ராபின்சன் அணிக்கும் எமர்சன் அணிக்கும் அந்நீரே விடை சொல்லிக்கொண்டிருந்தது, கேட்பார் இல்லை.

கவிதைக் கொள்கைகள் தோன்றி மறைவதைக் கவிஞர்கள் அறிவர். கொள்கை தேவையற்றது என்பது எமர்சன் வாழ்வு தரும் பாடம் அன்று. கொள்கை இல்லாதிருப்பின் அவர் ஒட்டுவேலைப் படங்களை விட்டு நாணற் காட்டுக்குள் நடந்திருக்கமாட்டார். கொள்கை அவரை அந்நிலத்தின் வாயில்வரை அழைத்துச் சென்றது. பின்னர் அது வீழ்ந்தபோதும், பல ஆண்டு நடையால் பழகிய கண் வீழவில்லை. மூடுபனியில் நிற்கும் அம்மரங்களை இன்று காண்பார்க்கு ஹெல்ம்ஹோல்ட்ஸும் தெரியவேண்டுவதில்லை. கறுப்புக் கரையிட்ட மறுப்பும் தெரியவேண்டுவதில்லை. மரம் தெரிகிறது, நீர் தெரிகிறது, குளிர் தெரிகிறது.